ராத்திரி பன்னெண்டு மணி மேட்ச்

20 டிசம்பர் 2024, ரோஸ் ஹில்

காலைல ஆறு மணிக்கே போனும் கையுமா உக்காந்தாச்சு, அமெரிக்கால வியாழக்கிழமை ராத்திரின்னா நமக்கு மொரிஷியஸ்ல வெள்ளிக்கிழமை காலை. காலேஜ் பொண்ணுங்க வாலிபால் செமி ஃபைனல், பென் ஸ்டேட்டும் நெப்ராஸ்காவும். முதல் ரெண்டு செட்டையும் பென் ஸ்டேட் விட்டுட்டாங்க. மாமியார் லிச்சி உரிச்சுக்கிட்டே "அதான் தோத்தாச்சுல்ல, எந்திரிச்சு டீயப் போடும்மா"ன்னாங்க. நாலாவது செட்ல நெப்ராஸ்காவுக்கு மேட்ச் பாயிண்டே வந்துடுச்சு, இன்னும் ஒண்ணு எடுத்தா அவங்க ஜெயிச்சாச்சு, அப்படியும் பென் ஸ்டேட் 28-26ன்னு புடுங்கிட்டாங்க, அஞ்சாவது 15-13. டீய கடைசில அவங்களே போட்டுக்கிட்டாங்க.

23 டிசம்பர்

ஃபைனல் நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னெண்டு. லூயிவில் டீம், அவங்க ஊர் கிரவுண்ட்லயே. ரெண்டாவது செட் 34-32 வரைக்கும் இழுத்து பென் ஸ்டேட் விட்டுட்டாங்க, அதுக்கு மேல எந்த டீமா இருந்தாலும் கொஞ்சம் தளர்ந்துதான் போகும், இவங்க அடுத்த ரெண்டையும் 25-20, 25-17ன்னு முடிச்சுட்டாங்க. லூயிவில்லோட பெரிய ஆட்டக்காரி அன்னா டிபீர் காயத்தால ஆடல, அதையும் சொல்லிடணும் இல்லன்னா நியாயம் இல்ல.

விடிஞ்சா வாட்ஸ்அப் பூரா ஒரே செய்தி, "கேன்சரை வென்ற கோச்". எனக்கு எரிச்சலா வந்துச்சு. பென் ஸ்டேட் கோச் கேட்டி ஷூமாக்கர்-காவ்லிக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ எடுத்துக்கிட்டேதான் சீசன் பூரா டீமை நடத்துனாங்க, அது சாதாரண விஷயம் இல்ல. ஆனா வென்றதா யாருங்க சொன்னா, வைத்தியம் நடந்துகிட்டுல்ல இருக்கு. 1981ல இந்தப் போட்டி ஆரம்பிச்சதுலேர்ந்து பொம்பளைங்க டிவிஷன் ஒன், அதாவது அமெரிக்கக் காலேஜ் வாலிபால்ல மேல்மட்டக் கப்பை ஒரு பொம்பள ஹெட் கோச் வாங்குறது இதுதான் முதல் தடவை, அதை எல்லாரும் கடைசி வரில போட்டிருக்கான். எதிர் டீம் கோச் டேனி பஸ்பூம் கெல்லியும் பொம்பளதான், அதனால யார் ஜெயிச்சிருந்தாலும் அன்னைக்கு அது நடந்திருக்கும்.

27 டிசம்பர்

லீவுதானே, அவங்க கதையைத் தேடிப் படிச்சேன். சிகாகோ பொண்ணு. 1999ல பென் ஸ்டேட் முதல் தடவை கப் அடிச்சப்ப அந்த டீம்ல ஆடுனவங்க, கோச் ரஸ் ரோஸ். அந்த மனுஷன் 1979லேர்ந்து 2021 வரைக்கும் அங்கயே இருந்து ஏழு கப். கேட்டி சிகாகோல இல்லினாய் யுனிவர்சிட்டி டீமுக்கு பல வருஷம் ஹெட் கோச், அப்புறம் 2017ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டிக்கு (பென் ஸ்டேட் இல்ல, அது வேற) ஹெட் கோச். 2018ல அதை விட்டுட்டு திரும்ப ரோஸுக்குக் கீழ போய் நிக்கிறாங்க! தன் டீம், தன் பேர்ல ஒரு நாற்காலி, எல்லாத்தையும் விட்டுட்டு இன்னொருத்தர் பெஞ்சுல ரெண்டாவது ஆளா. 2021 கடைசில ரோஸ் விலகுனதும் 2022 ஆரம்பத்துல இவங்க கைக்கு வந்துச்சு, மூணாவது சீசன்ல கப். அவங்க போனப்ப ரோஸ் எப்ப விலகுவாருன்னு யாருக்குத் தெரியும், எனக்கு அந்த 2018தான் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு.

18 ஜனவரி 2025

லீவு முடிஞ்சு நான் கோச் பண்ற வாலிபால் டீம் பொண்ணுங்க திரும்ப வந்தாச்சு. இன்னைக்கு 20-24லேர்ந்து ஆட வச்சேன், எப்பவும் தோக்குற பக்கத்துலேர்ந்து ஆரம்பம். எங்க செட்டர், அதான் அடிக்கறவங்களுக்குப் பந்தைத் தூக்கிக் குடுக்குற பொண்ணு, பயந்தா போதும், பந்தை லெஃப்ட் சைடுக்கே தூக்குவா, எதிர்ல மூணு பேர் பிளாக்குக்கு கையைத் தூக்கிக்கிட்டு ரெடியா நிப்பாங்க. பாஸ் வர்றதுக்கு முன்னாடியே அவ தோள் அந்தப் பக்கம் திரும்பிடுது, அதான் எல்லாருக்கும் தெரிஞ்சிடுது. தோளைப் புடிச்சு வலைக்கு நேரா நிக்க வச்சேன். அடுத்த பந்தை பின்னால தள்ளுனா பாருங்க, ரைட்ல அடிச்ச பொண்ணு முன்னாடி ஒருத்தரும் இல்ல. அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு.

போகும்போது ஒரு போன். பெரிய பொம்பளைங்க டீம் கோச், அசிஸ்டண்டா வர்றியாம்மான்னு கேக்குறாரு. வீட்டுக்காரர் "இங்க நீதானே ராணி, அங்க போய் பந்து பொறுக்கவா?"ங்கறார். பந்தும்தான் பொறுக்கணும், நான் பாத்திருக்கேன் அந்த வேலையை.

4 பிப்ரவரி

காவடிக்கு விரதம், வீட்டுல கறி மீன் கிடையாது, பாதிப் பொண்ணுங்களும் விரதம். ஓட்டத்தைக் குறைச்சு சர்வீஸ் மட்டும் போட வச்சேன். அந்தக் கோச்சுக்கு சரின்னு மெசேஜ் போட்டாச்சு, காவடி முடிஞ்சு வர்ற சனிக்கிழமைலேர்ந்து அங்க. என் பொண்ணுங்களை முன்னாடி என்கிட்ட ஆடுன ஒருத்தி பாத்துக்கறேன்னிருக்கா, கோபக்காரி, ஆனா பாஸிங் என்னைவிட நல்லா சொல்லித் தருவா. போன வருஷம் வாங்கிட்டுப் போன காத்தடிக்கிற பம்பை முதல்ல கொண்டு வரச் சொல்லணும்.