பிக்கெட் லைனில் ஐந்து கிழமை

2025 செப்ரெம்பர் 11, வியாழக்கிழமை. எங்கள் வேலைநிறுத்தத்தின் முதல்நாள். கொலிஜ் வாசலில் மறித்து நிற்கிற பிக்கெட் லைனுக்குப் போகக் காலை ஆறரைக்கு நான் வெளிக்கிட்டபோது அம்மா எழும்பிவிட்டார். சாமி அறையிலிருந்து திருநீறு எடுத்துவந்து என் நெற்றியில் பூசினார். "கவனம் பிள்ளை, முன்னுக்குப் போய் நிக்காத" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவின் பயம் 1980 யூலையில் தொடங்கியது. அப்பா அப்போது கொழும்பில் ஒரு திணைக்களத்தில் கிளாக்கர். 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஜே.ஆர். ஜெயவர்தனா அரசு அவசரகால விதிகளைக் கொண்டுவந்து, வேலைக்கு வராதவர்கள் எல்லோரும் தாங்களாகவே பதவியை விட்டுப் போனவர்கள் என்று சொல்லிவிட்டது. ஏறத்தாழ 40,000 பேரின் வேலை போனது. அப்பாவும் அதில் ஒருவர். எனக்கு அப்போது ஆறு வயது. அம்மாவின் காப்பு அடகுக்குப் போனதும், திரும்பி வராததும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கு முந்தின இரவு பிக்கெட்டைப் பற்றிச் சொல்லும்போது நான் வாய்தவறி 'மறியல்' என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் மறியல் என்றால் சிறை. அம்மாவின் முகம் மாறிப்போனது. இல்லையம்மா, இங்கே இது சட்டப்படி நடக்கிற விஷயம், முதலில் எல்லோரும் வாக்குப் போட்டு, பிறகு ஐந்து நாள் முன்னறிவித்தல் கொடுத்துத்தான் இறங்குகிறோம் என்று விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டிருந்தார். நம்பினாரா தெரியாது.

நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு கொலிஜில் 2009 முதல் மாணவர் சேவை கவுண்டரில் வேலை செய்கிறேன். பதிவு, கட்டணம், ஓஸாப் என்கிற மாணவர் உதவிப் பணம், எல்லாம் எங்களிடம்தான் வரும். நூலகத்தில் இருப்பவர்கள், லாப் ரெக்னீஷியன்கள், கணினி திருத்துபவர்கள், கட்டடம் பராமரிப்பவர்கள் என்று பாடம் நடத்தாத எல்லோருக்கும் சேர்த்து சப்போர்ட் ஸ்டாஃப் என்று பெயர். மாகாணத்தின் 24 பொதுக் கல்லூரிகளிலும் முழுநேரமாக வேலை செய்கிற நாங்கள் ஏறத்தாழ 10,000 பேர். எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம். எங்கள் பக்கம் பேசுவது ஒப்சூ யூனியன், கல்லூரிகளின் பக்கம் பேசுவது அவர்களுடைய முதலாளிமார் பேரவை.

வெளியே கேட்டவர்கள் எல்லோரும் "எவ்வளவு கூட்டிக் கேக்கிறீங்கள்?" என்றுதான் கேட்டார்கள். சம்பளமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யூனியனின் எங்கள் கிளையில், லோக்கலில், கோரிக்கைகளை முடிவுசெய்யக் கூடிய அன்று, மைக்குக்கு முன்னால் வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேர் வேலை நிலைக்குமா என்பதைப் பற்றித்தான் கதைத்தார்கள். நானும் எழுந்து போய்க் கதைத்தேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

எனக்கு அந்தத் தைரியம் வந்தது ஒரு மாசி மாதத்து நாளால். எங்கள் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வேலைக்கும் அதன் சம்பளப் படியைக் காட்டுகிற ஒரு பேபாண்ட் எழுத்து உண்டு. ஒருவரின் வேலையை நிறுத்தினால், சீனியோரிட்டி கூடியவர் தன்னைவிடக் குறைந்தவரின் இடத்துக்கு வரலாம். பம்பிங் என்று சொல்வோம். வாசிக்க நியாயமான விதி, வருடக்கணக்காக உழைத்தவரைக் காப்பாற்றுகிறது. அன்று வேறு பிரிவில் 19 வருடம் இருந்த ஒரு பெண்ணின் வேலை எடுபட்டது. அவருக்குக் காட்டிய இடம், எனக்குப் பக்கத்துக் கதிரையில் 11 வருடம் இருந்த என் சிநேகிதியுடையது. இரண்டு பேரும் ஒரே வோஷ்ரூமில் நின்று அழுதார்கள். வந்தவர் போகிறவரிடம் மன்னிப்புக் கேட்டார். போகிறவர் தன் மேசையில் இருந்த மணிபிளாண்டை அவருக்கே விட்டுப் போனார். மூன்று மாதத்தில் அந்த இடத்தையும் எடுத்துவிட்டார்கள். மணிபிளாண்ட் இப்போது என்னிடம் இருக்கிறது.

கல்லூரிகளிடம் காசு இல்லை என்பது பொய்யில்லை. 2019-இல் மாகாண அரசு உள்ளூர் மாணவர் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து அப்படியே உறைய வைத்தது. அந்தப் பள்ளத்தை வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தால் நிரப்பினார்கள். 2024 ஜனவரியில் ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசு மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு போட்டதும் அந்தக் காசும் நின்றது. பிறகு பாடநெறிகளை நிறுத்தினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குக் கட்டண ரசீது அடித்துக் கொடுத்தவள் நான். இந்தியாவில் காணி விற்று வந்தவர்களும் அதில் இருந்தார்கள். மாகாணம் கொடுக்க வேண்டிய காசை அந்தக் குடும்பங்களிடம் வாங்கியது பிழை என்று அப்போதே எங்களுக்குத் தெரிந்தது. கணக்குப் போட்டவர்கள் வேறு ஆட்கள், கணக்குப் பிழைத்தபோது வேலை போனது எங்களுக்கு. கம்பஸ் மூடக்கூடாது, ஆட்குறைப்புச் செய்யக்கூடாது என்று நாங்கள் கேட்டோம். இந்த நிலைமையில் அப்படி உறுதி கொடுக்க முடியாது என்றது மறுபக்கம். அந்த இடத்திலேயே பேச்சு நின்றது.

சரி, பிக்கெட் லைன். கழுத்தில் அட்டை, காலில் சப்பாத்து, கொலிஜ் வாசலில் நடை. ஒவ்வொரு காரையும் சில நிமிடம் மறித்து, ஒரு துண்டுத்தாள் கொடுத்து, பிறகு விடுவோம். விரிவுரையாளர்களின் ஒப்பந்தம் வேறு, பகுதிநேரத் துணைப் பணியாளர்களின் ஒப்பந்தமும் வேறு, ஆகவே அவர்கள் உள்ளே போயாக வேண்டும். எங்களோடு ஒரே லஞ்ச்ரூமில் சாப்பிட்ட பகுதிநேரப் பிள்ளை ஒருத்தி, எங்களைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவாள். நான் ஓடிப்போய் "தலையை நிமித்திப் போம்மா, உன்னில பிழையில்லை" என்று சொன்னேன். அடுத்தநாள் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி வாங்கி வந்து தந்தாள்.

மூன்றாவது கிழமை மழை. எங்கள் கவுண்டருக்கு வழக்கமாக வருகிற தமிழ்ப் பொடியன் ஒருவன் குடையில்லாமல் வந்து நின்றான். "அன்ரி, என்ர ஓஸாப் இன்னும் வரேல்ல. வாடகை குடுக்கோணும்" என்று போனைக் காட்டினான். பார்த்தவுடன் விளங்கியது. அவன் படிக்கிறான் என்பதைக் கொலிஜ் உறுதிப்படுத்தவில்லை. அது இல்லாமல் காசு இறங்காது. அதை அழுத்துகிற ஆட்களில் நானும் ஒருத்தி, இங்கே மழையில் நிற்கிறேன். "உள்ளுக்குப் போய்க் கேள் அப்பு, விடாமல் கேள்" என்றேன். "கேட்டனான் அன்ரி, ஆக்கள் இல்லையாம்" என்றான். அவனுக்கு என்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. அடுத்தநாள் திரும்பவும் அட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன், ஏனென்றால் நாங்கள் குறையக் குறைய இனி வருடம் முழுவதும் அவன் இப்படித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஒக்ரோபர் 15-ஆம் திகதி உடன்பாடு வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. லைனில் செய்தி வந்தபோது சிலர் கட்டிப்பிடித்தார்கள், சிலர் பேசாமல் போனார்கள். நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "திருப்பி எடுக்கினமோ உன்னை?" என்பதுதான் அவரின் முதல் கேள்வி. "ஓமம்மா, நாளைக்கே" என்றேன். அந்தப் பக்கத்தில் கனநேரம் சத்தமில்லை.

அடுத்தநாள் காலை வரிசை கதவுக்கு வெளியே போயிருந்தது. அந்தப் பொடியன் நாலாவது ஆள். அவனுடைய பதிவைத் திறந்து, உறுதிப்படுத்தி முடிக்க இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. வாடகைக்குத் தமக்கையிடம் கடன் வாங்கினானாம். போகும்போது பக்கத்துக் கதிரையைப் பார்த்து, "இதில இருந்த மற்ற மிஸ் எங்க? அவவும் இண்டைக்கு வந்திருப்பா எண்டு நினைச்சன்" என்றான்.

இல்லை தம்பி, அவவை மாசியிலேயே நிப்பாட்டிப்போட்டினம் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.