பெரிய துண்டாக மாட்டிறைச்சி வாங்குபவர்களுக்கு

கொழும்பில் இறைச்சிக் கடைக்குப் போய் "பீஃப் ரெண்டு கிலோ" என்று கேட்டால் தோள், தொடை, விலா எல்லாம் கலந்து வெட்டித் தருவார்கள். கறிக்கு அது போதும். முழுத் துண்டாகச் சமைப்பதென்றால் எந்த இடத்து இறைச்சி என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

மாடு நடக்கவும் குனிந்து மேயவும் பாடுபடும் தசைகளில் கொலாஜன் (தசையை இறுகக் கட்டும் இணைப்புப் புரதம்) அதிகம்: கழுத்து, தோள், நெஞ்சு, கெண்டை. முதுகெலும்பை ஒட்டியவற்றுக்கு வேலை குறைவு, அதனால் மென்மை. மற்ற வித்தியாசமெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான்.

மென்மையில் முதலிடம் அன்டர்கட்டுக்கு, அதாவது முதுகெலும்பின் உட்பக்கத்தை ஒட்டிய நீளத் தசைக்கு. அதன் மேல் வெள்ளி நிறத்தில் ஒட்டியிருக்கும் சவ்வு எவ்வளவு நேரம் அவித்தாலும் இளகாது. கத்தியை அடியில் செருகி உரித்துவிடுங்கள். மெல்லிய வால்நுனியை உள்ளே மடித்து நூலால் கட்டினால் துண்டு முழுதும் ஒரே சீராக வேகும். நடுப்பகுதி 55 பாகை செல்சியஸுக்கு வந்ததும் இறக்கி, 10 நிமிடம் விட்டு வெட்டலாம். இதைக் கறிக்குப் போடுவது வீண் செலவு: கொழுப்பும் கொலாஜனும் குறைவு என்பதால் வெறும் சக்கையாகிவிடும்.

தொடையில் டொப்சைட், சில்வர்சைட், நக்கிள் (முன்தொடை) என்று மூன்று. உட்தொடையான டொப்சைட்டை 60 பாகைக்குள் எடுத்து மெல்லியதாகச் சீவினால் நல்ல ரோஸ்ட். 65 தாண்டினால் வறண்டுவிடும், அதுவும் நம்மூர் மாட்டில் கொழுப்பு சொற்பம். வெளிப்பக்கத்து சில்வர்சைட்டின் நார் முரடு. மூடிய சட்டியில், மெல்லிய தீயில், நீர் விட்டு வேக வைப்பதுதான் சரி. அதனுள் உருளையாக ஒரு தசை இருக்கும், பார்வைக்கு அன்டர்கட் போலவே. அன்டர்கட் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் கூர்ந்து போகும். இது இரு முனையும் ஏறக்குறைய ஒரே பருமன், நிறமும் சற்று வெளிறியது. அன்டர்கட் என்று விலை சொல்லும்போது கவனம்.

அதிகம் பேர் கெடுத்துக்கொள்வது பிரிஸ்கட்டை, அதாவது நெஞ்சுப் பகுதியை. 70 பாகையில் குத்திப் பார்த்து, கல்லாக இருக்கிறதே, கூட வெந்துவிட்டது என்று இறக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது இன்னும் வேகவில்லை. தசை சுருங்கி இறுகிவிட்டது, கொலாஜன் ஜெலட்டினாகக் கரையத் தொடங்கியதோடு நிற்கிறது. 2 கிலோ துண்டை முந்தின இரவே 25 கிராம் உப்புத் தடவி வைத்து, துண்டின் கால்வாசி உயரத்துக்கு நீர் விட்டு, இறுக மூடி, 150 பாகை ஒவனில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் விடுங்கள். உள்ளே 90க்கு மேல் போய், முள்ளுக்கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும். எடையில் மூன்றில் ஒரு பங்காவது குறையும், ஆட்களை எண்ணி வாங்கும்போது அதையும் சேருங்கள். இதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள், நார் ஓடும் திசையும் வேறு வேறு. பிரித்துவிட்டு ஒவ்வொன்றையும் நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். பப்பாளிக்காய் அரைத்துப் பூசுவது சின்னத் துண்டுக்குச் சரி. பெரிய துண்டில் மேற்பரப்பு மட்டும் குழைந்து, உள்ளே எதுவும் மாறாது.

யூடியூப் பார்த்துச் சமைப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்கர் 'சர்லொய்ன்' என்பதை ஆங்கிலேயர் 'ரம்ப்' என்பார்கள். ஆங்கிலேயரின் 'சர்லொய்ன்' அதற்கு முன்னால் உள்ள முதுகுப் பகுதி. அவுஸ்திரேலிய உறைநிலைப் பொதியில் 'கியூப் ரோல்' என்றிருந்தால் அது ரிப்ஐதான், அதாவது விலாப்பக்கத்து முதுகு இறைச்சி. அந்தப் பொதியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலேயே ஒரு நாளுக்கு மேல் வைத்து இளக்குங்கள், வெளியே வைக்க வேண்டாம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முழுத் தொடை வீடு வந்தால் உடனே கண்டபடி வெட்ட வேண்டாம். தசைகளுக்கிடையே உள்ள சவ்வில் விரலை விட்டால் டொப்சைட், சில்வர்சைட், நக்கிள் மூன்றும் பெரும்பாலும் தாமாகவே பிரியும். ஒட்டும் இடத்தில் மட்டும் கத்தி. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும், அப்போது ரோஸ்ட் செய்தால் எந்தத் துண்டும் கடிபடாது. இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். அன்றைக்கே சமைக்க வேண்டுமென்றால் ஈரலை எடுங்கள்.