சிவப்புக் கட்டத்தை விட்டு எழுது

1975இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரைப் பற்றி இரு நாடுகளும் 1964இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் கோத்தகிரி. குளிரும் தேயிலையும் எங்களுக்குப் புதிதல்ல. வந்த வாரமே அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட்டார். கரண்ட்தான் புதிது. இலங்கையில், ஹட்டன் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், மண்ணெண்ணெய் விளக்குதான் எங்களுக்கு.

சொந்தமாக வீடு கட்டி 1983இல் இணைப்பு வாங்கினோம். கதவுக்கு மேலே கறுப்பு மீட்டர். கண்ணாடிக்குள் அலுமினியத் தட்டு சுற்றும், அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. பல்பைப் போட்டால் கோடு சீக்கிரம் திரும்பி வரும், அணைத்தால் நின்றுவிடும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பேன்.

வீட்டில் இரண்டு 60 வாட் பல்பு, ஒரு சின்ன ரேடியோ, அவ்வளவுதான். முதல் இரண்டு மாதத்துக்கு, மீட்டர் கணக்கெழுதும் அட்டையில் 364 யூனிட் என்று எழுதியிருந்தது. அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘சிலோன்காரங்க’ என்று பெயர் வாங்கியிருந்த எங்கள் தெருவில், எதையும் போய்க் கேட்க எல்லோருக்குமே தயக்கம். அப்பா நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு பல்பும் சேர்ந்து 120 வாட். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 600. அறுபது நாளைக்கு 36 யூனிட்.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். எண்களில் கடைசிக் கட்டம் மட்டும் சிவப்பு. அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு, கணக்கில் சேராது. 36.4ஐ 364 என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் மின்வாரிய அலுவலகத்தில் அட்டையும் நோட்டுமாகப் போய் நின்றார், திருத்திக் கொடுத்தார்கள். இந்த நாட்டுக்கு வந்தபின், கையில் கொடுத்த காகிதத்தைத் தப்பு என்று அப்பா சொன்னது அன்றுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு தெருவில் பல வீடுகளுக்கு அந்த ஸ்டூல் போய்வந்தது.

ஓர் ஐப்பசி மழையில், எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் தட்டு மெல்ல ஊர்ந்தது. ஊறிய சுவருக்குள் வயர் கசிந்துகொண்டிருந்தது. மலையில் வீடு வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் இதை அவசியம் பார்க்க வேண்டும். உயிர்ச் சேதம் வரக்கூடிய விஷயம்.

இப்போது டிஜிட்டல் மீட்டர். திரையில் தேதி, நேரம், வோல்ட் என்று மாறி மாறி வரும். ஓரத்தில் ‘கேடபிள்யூஎச்’ என்ற ஆங்கில எழுத்துகளோடு வருவதுதான் யூனிட். மினுக்கும் சிவப்பு விளக்கின் பக்கத்தில் 3200 என்று இருந்தால், 3200 மினுக்கு ஒரு யூனிட். 2016இலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் 500ஐத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறும். கணக்கெடுப்பு தள்ளிப்போனால் நாள் கூடி யூனிட்டும் கூடும். அதனால் தேதியோடு நீங்களே எழுதி வையுங்கள்.

அம்மா இன்றும் மாதம் முதல் தேதி காலண்டரில் எழுதுகிறார். திரையில் சிவப்புக் கட்டம் கிடையாது. புள்ளி வந்ததும் பேனாவை எடுத்துவிடுவார்.