மெயில் போயிருச்சுங்களா?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் சிஸ்டம் பார்க்கும் வேலை எனக்கு. சிஸ்டம் என்றால் பிரிண்டர், சிசிடிவி, டேலி, வைஃபை எல்லாம்தான். ஆனால் என் மேஜைக்கு அதிகம் வருவது ஒரே கேள்வி: "அண்ணா, மெயில் போயிருச்சுங்களா?" ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் கேட்பார்கள், டாக்குமெண்டேஷன் பெண்கள் கேட்பார்கள், சில சமயம் எம்.டி.யே வந்து நிற்பார். மெயிலை அனுப்பி வாங்கும் கணினி, அதாவது மெயில் சர்வர், எங்களுடையதாக இருப்பதால் இதற்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடிகிறது. சொந்த சர்வர் வைத்துக்கொள்ள இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பேச்சு ஆரம்பித்தது என்னவோ காசில்தான். ஆளுக்கு ஒரு மெயில் பெட்டி, பெட்டிக்கு மாத வாடகை, ஆள் சேரச் சேர வாடகையும் கூடும். சர்வர் வைத்தால் மிச்சம் என்று எம்.டி. கணக்குப் போட்டார். என் நேரத்தையும் சேர்த்தால் மிச்சம் அப்படியொன்றும் இருக்காது என்று அப்போதே சொன்னேன். சரி, வைத்துப் பார்ப்போம் என்றார்.

மென்பொருள் நிறுவுவது சுலபம். அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைக் காட்ட டவ்காட். போஸ்ட்ஃபிக்ஸை வீட்சே வெனிமா ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998இல் வெளியிட்டார். இத்தனை வருடங்கள் ஓடித் தேய்ந்த சாமான் என்பதால் அதில் சிக்கல் கம்மி. வரும் மெயில்கள் அன்றைக்கே வர ஆரம்பித்துவிட்டன. அனுப்புவதுதான் பாடு. சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் மெயில் வெளியே போகும் வாசலான 25ஆம் போர்ட்டை மூடியே வைத்திருந்தது. ஸ்பேமுக்குப் பயந்து பல கிளவுட் நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. காரணம் எழுதிக் கேட்டுத் திறக்க வைத்தேன். அப்புறம் பார்த்தால், கிடைத்த ஐபி, அதாவது சர்வரின் இணைய முகவரி எண், ஏற்கெனவே ஸ்பேம் தடைப்பட்டியல் ஒன்றில் இருந்தது. முன்பு குடியிருந்தவன் ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுப் போன வீட்டுக்குக் குடி வந்த கதை. வேறு ஐபி கேட்டு வாங்கினேன். புதிதாக வாங்குகிறவர்கள் பணம் கட்டிய உடனே, எதையும் நிறுவும் முன், இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஆபீஸ் பிராட்பேண்டிலிருந்து நேரடியாக அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். மாறும் ஐபிகளைத் திரட்டி வைக்கவென்றே ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பேம்ஹாஸ் ஒரு பட்டியல் நடத்துகிறது, அதில் இருந்தால் பாதி உலகம் கதவைத் திறக்காது.

பிறகு டிஎன்எஸ் வேலை, அதாவது இணையப் பெயர்களையும் ஐபிகளையும் இணைக்கும் பதிவேட்டில் எழுதுவது. ஐபியைத் திருப்பித் தேடினால் நம் சர்வரின் பெயர் வரவேண்டும். அந்தப் பதிவை ஐபிக்குச் சொந்தக்காரர்தான் போட முடியும், நம் டொமைன் (மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) பக்கத்தில் எத்தனை மாற்றினாலும் நடக்காது. எங்கள் பெயரில் அனுப்ப எந்த ஐபிக்கு உரிமை என்று சொல்வது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் கையெழுத்து டிகிம். இரண்டில் ஒன்றாவது எங்கள் டொமைனோடு ஒத்துவராவிட்டால் மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லி வைப்பது டிமார்க். முன்பெல்லாம் இவை இல்லாமலும் காலம் தள்ளலாம். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதியை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். எங்கள் அளவு அதன் பக்கத்தில்கூட வராது, ஆனாலும் மூன்றையும் போட்டு வைத்திருக்கிறேன்.

உள்ளே வரும் பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது போஸ்ட்ஸ்க்ரீன், போஸ்ட்ஃபிக்ஸின் வாசல் காவலாளி. சர்வர்கள் மெயில் பரிமாறிக்கொள்ளும் எஸ்எம்டிபி முறைப்படி, இணைப்பு வந்ததும் முதலில் பேச வேண்டியது நம் சர்வர். 220 என்று வரவேற்ற பிறகுதான் வந்தவன் வாய் திறக்கலாம். போஸ்ட்ஸ்க்ரீன் புது ஆளைக் கண்டால் 220க்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு அனுப்பும். இன்னும் வரி பாக்கி இருக்கிறது, பொறு என்று அர்த்தம். அப்படியே ஆறு நொடி சும்மா இருக்கும். ஒழுங்கான சர்வர் காத்திருக்கும். ஸ்பேம் அனுப்பும் நிரலுக்குப் பொறுமை கிடையாது, பாதியிலேயே பேச ஆரம்பித்துவிடும். அதோடு அதன் கதை முடிந்தது. ஒரு எழுத்தைக்கூடப் படித்துப் பார்க்காமல், அவசரத்தை மட்டும் வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிற இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

போஸ்ட்ஃபிக்ஸ் தானாகக் கொண்டுவரும் அளவுகள் எல்லாம் பனியன் கம்பெனிக்கு ஒத்துவராது. ஒரு மெயிலின் உச்ச அளவு 1,02,40,000 பைட். உடையின் வடிவ, அளவு விவரமெல்லாம் உள்ள 8 எம்பி டெக் பேக் கோப்பு அதில் அடங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மெயிலோடு வைக்கும் கோப்பு எழுத்தாக மாறிப் போகும்போது மூன்று பைட் நான்காகிவிடும், 8 எம்பி கிட்டத்தட்ட 11 எம்பி ஆகி வாசலிலேயே நின்றுவிடும். எங்கள் பக்கம் கூட்டி வைக்கலாம், சரக்கு வாங்கும் பையர் பக்கத்து வரம்பு நம் கையில் இல்லை. அதனால் பெரிய ஆர்ட்வொர்க் எல்லாம் இப்போது லிங்க்காகத்தான் போகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். எதிர்ப்பக்கம் "இப்போது முடியாது, அப்புறம் வா" என்று 4இல் ஆரம்பிக்கும் எண்ணைச் சொன்னால், மெயில் எங்கள் வரிசையில் காத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். புது ஆளை வேண்டுமென்றே ஒரு முறை திருப்பி அனுப்பிப் பார்க்கிற சர்வர்களும் உண்டு, அது சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஆனால் அங்கே உண்மையிலேயே கோளாறு என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் முயன்றுவிட்டுத்தான் கைவிடும். அதுவரை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது, அப்படித்தான் அமைப்பு. சுங்கத்துக்கான ஷிப்பிங் பில் திருத்தம் 5 நாள் வரிசையில் கிடந்தால் தூத்துக்குடியில் கப்பலே கிளம்பியிருக்கும். தாமதமானால் உடனே எச்சரிக்கும்படி மாற்றி வைத்திருக்கிறேன்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒரு பையரின் ஆபீஸ், சைஸ் ஸ்பெக் ஒப்புதல் கேட்டு நாங்கள் அனுப்பிய மெயிலே வரவில்லை, அதனால் தாமதத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு என்றது. மெர்ச்சண்டைசர் பெண் முகம் வெளிறி வந்தார். "நான் அனுப்புனேங்ண்ணா, அனுப்பலைங்கறாங்க." சர்வர் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக்கில் தேடினேன். அவர் கணினியிலிருந்து வந்த நேரம், வரிசை எண், எங்கள் சர்வர் அவர்கள் சர்வரைத் தொட்ட நேரம், கடைசியில் 250 ஓகே, அதோடு அவர்கள் சர்வரே கொடுத்த வரிசை எண். அந்த ஒரு வரியை அப்படியே எடுத்து, உங்கள் ஐடி ஆளிடம் இந்த எண்ணைக் கொடுங்கள் என்று எழுதச் சொன்னேன். அவர்களுடைய ஸ்பேம் வடிகட்டி பிடித்து வைத்திருந்தது. 250 வந்தால் அந்த சர்வர் பொறுப்பேற்றது என்று மட்டும்தான் அர்த்தம், அந்த மனிதர் பார்த்தார் என்று அல்ல. இதை எங்கள் ஆட்களுக்குப் புரியவைக்கத்தான் நாளாயிற்று.

லாக் தடுக்க முடியாததும் உண்டு. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று பையருக்குப் போகும் கள்ள மெயில் ஏற்றுமதி ஊர்களில் எல்லோரும் பயப்படும் விஷயம். நம் டொமைன் பெயரில் 'எம்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். அது மோசடிக்காரன் காசு கொடுத்து வாங்கிய டொமைன், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாமே ஒழுங்காக இருக்கும். சர்வர் பக்கத்தில் நான் செய்ய முடிந்தது, யாருடைய பெட்டியிலிருந்தும் வெளியே தானாக ஃபார்வர்ட் ஆகாமல் அடைத்ததும், வெளிநாட்டு ஐபியிலிருந்து லாகின் வந்தால் எனக்குத் தகவல் வரும்படி செய்ததும்தான். மீதியை அக்கவுண்ட்ஸ் அக்கா பார்த்துக்கொள்கிறார். கணக்கு எண் மாறினால் பழைய நம்பரில் போன் போட்டுக் குரலைக் கேட்காமல் நம்பாதீர்கள் என்று பையர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டார்.

நாலு பேர் இருக்கும் ஆபீசுக்கு இதையெல்லாம் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆள் லீவில் போனால் இன்னொரு ஆள் வேண்டும். சர்வரோடு பேசும் இணைப்பைப் பூட்டி வைக்க உதவும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். அது தானாகப் புதுப்பித்துக்கொண்டாலும், போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் புதியதை எடுத்துக்கொண்டனவா என்று யாராவது பார்க்க வேண்டும். எங்களிடம் இப்போது ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான். அவனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது லாக் படிக்கத்தான்.

அந்த லாக்கை எத்தனை நாள் வைப்பது என்று அவன் கேட்டான். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது போதாது, இந்த சீசன் சரக்குக்கு நஷ்டஈடு கேட்கும் க்ளெய்ம் சில சமயம் அடுத்த சீசனில்தான் வரும். இரண்டு வருடத்துக்குச் சுருக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.