டீக்கு முன்னாலா, பின்னாலா?

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். தைராய்டு மாத்திரை வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சீட்டை நீட்டுவார்கள், டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டால், "காலையிலதான் பாப்பா" என்று பதில் வரும். கொஞ்சம் துருவிக் கேட்டால்தான், காலையில் டீக்கு முன்னாலா, டீயோடா, இட்லி சாப்பிட்ட பிறகா என்பது தெரியும். சீட்டில் எழுதியிருக்கும் அளவும் உடம்புக்குள் போய்ச் சேரும் அளவும் ஒன்றாக இருக்குமா என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்காதபோது, அது சுரக்க வேண்டிய ஹார்மோனையே மாத்திரையாகக் கொடுக்கிறோம். லெவோதைராக்ஸின் என்பது மருந்தின் பெயர். எங்கள் ஊரில் எல்ட்ராக்ஸின், தைரோநார்ம் என்று கேட்டு வாங்குவார்கள். இதன் அளவு மைக்ரோகிராமில்: 25, 50, 75, 100. ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அவ்வளவு சின்ன அளவு என்பதால் குடலில் கொஞ்சம் வீணானாலும் ரிப்போர்ட்டில் தெரியும். டீ, காபி, பால், சாப்பாடு எல்லாமே உறிஞ்சுவதைக் குறைக்கும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் அதைவிட மோசம். குடலிலேயே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடக் கூடாது என்கிறார்கள். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

விதி சரிதான். ஆனால் விடியுமுன் எழுந்து, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு மீன் ஏலத்துக்கு ஓடுகிற பெண்ணுக்கு இந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும்?

மீன் வியாபாரம் செய்கிற அக்கா ஒருத்தர் எங்கள் கடையில் வாடிக்கையாக வாங்குவார். 50இல் தொடங்கிய மாத்திரை, 75, 100 என்று ஏறி 125க்கு வந்துவிட்டது. ஆனாலும் ரத்த டெஸ்ட்டில் டி.எஸ்.ஹெச். என்கிற எண் இறங்கவில்லை. இந்த டி.எஸ்.ஹெச். தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்க அனுப்புவது. ஆள் வேலை செய்யாதபோதுதானே மேஸ்திரி சத்தம் போடுவார். அதுபோல தைராய்டு மந்தமானால் இந்த எண் ஏறும். "மாத்திரையும் ஏறுது, நம்பரும் ஏறுது, இது இன்னா வைத்தியம்?" என்று அலுத்துக்கொண்டார். விசாரித்தால், மாத்திரை இறங்குவதே டீயோடுதான். ரத்தசோகைக்கு வேறு டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையும் சேர்த்து ஒரே வாயில்.

காலையில் முடியாதவர்களுக்கு ராத்திரி ஒரு வழி உண்டு. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆன பிறகு, படுக்கப் போகும்போது போடலாம். டாக்டரிடம் கேளுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். டாக்டரும் சரி என்றார். இரும்பு மாத்திரை மதியத்துக்குப் போனது.

கதை அங்கே முடியவில்லை. சில வாரம் கழித்து, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை என்று வந்து நின்றார். டீயில் வீணாய்ப் போனதை ஈடுகட்டத்தானே 125 வரை ஏற்றினார்கள்? இப்போது அது முழுசாக உள்ளே இறங்கிவிட்டது. டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துக் குறைத்தார். போடும் நேரத்தை மாற்றுகிறவர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்: ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் மறுபடி டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் முழு மாற்றம் தெரியாது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும், அதனால் எந்த மாற்றமும் மெதுவாகத்தான் தெரியும். ஒரு நாள் மறந்தால் உடம்பு ஒன்றும் காட்டாது என்பதும் இதனால்தான். அதை நம்பியே, நம்பர் நார்மலுக்கு வந்ததும் பாதிப்பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

டப்பாவுக்கும் ஒரு சங்கதி உண்டு. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு ஜாடியே நீர்விட்டுக்கொள்ளும். இந்த மாத்திரைக்கு ஈரம், வெயில், சூடு மூன்றும் ஆகாது. அதை அடுப்பு மேடைக்கு மேல் வைப்பார்கள், உள்ளேயிருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கூலி வேலைக்காரர்கள் பத்து மாத்திரை மட்டும் கேட்கும்போது மனசு சங்கடப்படும், ஆனாலும் பேப்பரில் மடித்துக் கொடுக்க மாட்டேன்.

முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாதாமே, சாப்பிடலாமா என்று தினமும் யாராவது கேட்பார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. இந்துப்புக்கு மாறியவர்களிடம்தான் எனக்கு வாக்குவாதம். தைராய்டு ஹார்மோன் உருவாகத் தேவையான அளவு அயோடின் அதில் இல்லை. கடலோரத்து உப்புதானே என்று சாதா கல் உப்பை நம்பவும் முடியாது, சேர்த்தால்தான் உண்டு. அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலையைத் தடுக்க இந்தியா 1962இலேயே திட்டம் போட்டது அதனால்தான். ஆனால் அயோடின் உப்பை அள்ளிப் போட்டாலும் மாத்திரை நிற்காது. இங்கே வருகிறவர்களில் பலருக்கு, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வந்த குறை. அப்புறம் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள், ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும். சில லேப் முறைகளில் அது ரிப்போர்ட்டையே புரட்டிவிடும்.

எனக்கு அதிகக் கவலை கர்ப்பிணிகளைப் பற்றித்தான். முதல் சில மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி அம்மாவின் ஹார்மோனை நம்பியே இருக்கிறது, மாத்திரையின் அளவும் பெரும்பாலும் கூட்ட வேண்டிவரும். சரியாக அதே நேரத்தில்தான் நர்ஸ் அம்மா இரும்பையும் கால்சியத்தையும் கையில் கொடுக்கிறார். அந்த இரண்டையும்கூட ஒன்றாகப் போடக் கூடாது. போன வாரம் வந்த பெண்ணுக்கு, விடிந்ததும் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், ராத்திரி இரும்பு என்று டப்பா டப்பாவாகப் பேனாவில் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற மாமியார் கேட்டார்: "காலையில வெறும் வயித்துல பால் குடுக்கிறேனே, அதுவும் கூடாதா?" ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கம்மா என்றேன்.