அலவாங்கு தேடிய ஏழு நாள்

பயணக் குறிப்பு எழுத ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அதில் குறிப்பு என்று இருப்பது ஒன்றரைப் பக்கம். மீதிப் பக்கங்களில் நடுவே ஒரு கோடு; இடப்பக்கம் என் பெயர், வலப்பக்கம் என் கணவர் பெயர், கீழே வரிசையாகச் சொற்கள். கடலைப் பற்றி ஒரே வரிதான்: "தண்ணீர் பனிக்கட்டி. முழங்கால் வரை போனேன்."

நான் தமிழ்நாடு, அவர் யாழ்ப்பாணம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகியும் சில சொற்களில் நாங்கள் சமரசம் ஆகவில்லை. நான் ரொட்டி என்றால் அவருக்கு வேறொன்று. அவருக்கு அது பாண். எனக்குச் செருப்புக்கடை, அவருக்குச் சப்பாத்துக்கடை. நான் சமையலறையில் இருக்கும்போது அவர் "குசினிக்குள்ள தானே நிக்கிறீர்?" என்று கேட்பார். இந்த இரண்டு பேரும் போர்த்துகலின் தென்கரையான அல்கார்வில் ஒரு வாரம் வெயில் காய்ந்துவிட்டு வரலாம் என்று செப்டம்பர் கடைசியில் கிளம்பினோம். இடம் தேர்ந்தெடுத்தது நான். காரணம், வெயில். வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை மதியம் ஃபாரோவில் இறங்கினோம். தவீராவுக்கு ரயில் வர நேரம் இருந்ததால் பெட்டியை இழுத்துக்கொண்டே ஊரைச் சுற்றினோம். மதில் வாசலின் மேலே நாரைக் கூடுகள், கட்டைவண்டிச் சக்கரம் அளவுக்கு. கார்மோ தேவாலயத்தின் பின்னால் 1816-இல் கட்டிய ஒரு சிற்றாலயம் இருக்கிறது. சுவர், கூரை எல்லாம் துறவிகளின் எலும்பும் மண்டையோடும்தான். நீயும் இந்த நிலைக்குத்தான் வரப்போகிறாய் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். "வந்து ஒரு மணித்தியாலம் ஆகேல்லை, அதுக்குள்ள இதுவா?" என்றார். சரி என்று வெளியே வந்து, பசிக்கு ஒரு பேக்கரியில் நுழைந்தோம்.

அங்கேதான் ஆரம்பித்தது. முன்னால் நின்ற பாட்டி கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். நடுவில் ஒரு சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. மூக்கால் சொல்லும் "பௌங்". என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்து அவர் முறை. கண்ணாடிக்குள் விரலை நீட்டி, வீட்டில் சொல்வது போலவே, "பாண்" என்றார். கடைக்காரப் பெண் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அந்த ரொட்டியைத் தவீரா வரை பரிசுக் கோப்பை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரயிலில் போகும்போதே விதிமுறைகள் முடிவாயின. போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்களில் யாருடைய தமிழில் அதிகம் என்று பார்ப்பது. இணையத்தில் தேடக் கூடாது. இந்த ஊரில் காதால் கேட்டிருக்க வேண்டும், அல்லது கண்ணால் படித்திருக்க வேண்டும். இரண்டு ஊரிலும் உள்ள சொல் என்றால் இருவருக்கும் சமம்.

அவர் அப்போதே சொல்லிவிட்டார்: "அலவாங்கு எங்கட. அதை நான் கண்டுபிடிச்சுத்தான் வருவன்." நாங்கள் கடப்பாரை என்பதை அவர்கள் அலவாங்கு என்பார்கள். விடுமுறைக்குப் போன இடத்தில் கடப்பாரையை எங்கே பார்ப்பது என்று நான் சிரித்தேன்.

தவீரா, ஜிலாவ் ஆற்றின் இரு கரையிலும் சாய்ந்து கிடக்கும் வெள்ளை ஊர். ஆற்றுக்கு மேலே உள்ள பழைய பாலத்தை எல்லோரும் ரோமானியப் பாலம் என்கிறார்கள். ஆனால் அது ரோமானியர் கட்டியதல்ல, அரபிகள் காலத்தது. அல்கார்வ் என்ற பெயரும் அரபியே. மேற்கு என்று பொருள். தெருவெல்லாம் வழவழப்பான சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கற்கள். இரண்டாம் நாளே என் செருப்பின் வார் அறுந்தது. புதுச்செருப்பு வாங்கப் போன கடையின் பலகையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சப்பாத்து. அவர்கள் எழுத்தில் கடைசியில் ஓகாரம் இருந்தாலும் வாயில் உகரமாகத்தான் வருகிறது. 'சபாத்து' என்றே சொல்கிறார்கள். துவாலையும் குசினியும் உகரத்தோடு நமக்கு வந்ததற்கும் இதுதான் காரணம். இதைக் கண்டுபிடித்தவள் நான். ஆனால் அதற்கு மதிப்பெண் தர விதியில் இடமில்லையாம்.

என் பக்கம் காலியாக இருந்தது. மூன்றாம் நாள் சாலை கடக்கும் இடத்தில் ஒரு கம்பத்தில் 'பொத்தாவ்' என்று எழுதியிருந்தது. அழுத்தினால் பச்சை விளக்கு வரும். எங்களுக்குப் பொத்தான், அவர்களுக்குத் தெறி. கம்பத்தை முத்தமிடாத குறைதான்.

அன்றைக்கு மாலை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே உப்பளங்களைப் பார்க்கப் போனோம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், தூரத்தில் பூநாரைகள், நடுவரப்பில் ஒருவர் நீண்ட கம்பு பிடித்த வலைக்கரண்டியால் தண்ணீரின் மேற்பரப்பை மட்டும் மெதுவாக வழித்துக்கொண்டிருந்தார். அதுதான் உப்புப் பூ. வெயில் அடித்து, காற்று அசையாமல் இருந்தால்தான் அந்த மெல்லிய ஏடு மிதக்கும். காற்று ஊதினால் உடைந்து அடியில் போய் வெறும் உப்பாகிவிடும். பாலாடை எடுப்பது போன்ற அதே கவனம் அவர் மணிக்கட்டில் இருந்தது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தால் வீட்டுச் சாவி இல்லை. கதவை இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே மேசை மேல், பாதி தின்ற அத்திப்பழத்துக்குப் பக்கத்தில், சாவி. "திறப்பை நீர் எடுத்தீர் எண்டு நினைச்சன்" என்றார். "சாவியை நீங்க எடுப்பீங்கன்னு நான் நெனச்சேன்" என்றேன். ஜன்னல் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. அவர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். எழுபது வயதிருக்கும். அவருக்குப் போர்த்துகீசியம் தவிர வேறு தெரியாது, எனக்கு அது தவிர மற்றதெல்லாம் தெரியும். என்ன செய்வது? "சாவி" என்றேன். அந்தப் பக்கம் மௌனம். "சாவி. மேசை." அப்புறம், இவர் ஒரு காலைத் தூக்கிவிட்டதைப் பார்த்து, "ஜன்னல்!" என்றேன். போனில் ஒரு அலறல்: "ஜனேலா, நாவ்ங்! நாவ்ங்!" ஐந்து நிமிடத்தில் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார், நேரே மேசைக்குப் போனார், சாவியை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டி, குழந்தைக்குச் சொல்லித் தருவது போல, "ஷாவ்" என்றார். "மேஸா" என்று பலகையில் தட்டினார். நானும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன். என் உச்சரிப்பு அவருக்குத் திருப்தி இல்லை. நானூறு வருடமாக நாங்கள் இப்படித்தான் சொல்கிறோம் என்று அவரிடம் எப்படி விளக்குவது?

மேசையும் ஜன்னலும் இருவருக்கும் பொது. சாவி எனக்கு மட்டும், ஏனென்றால் அவர்களுக்கு அது திறப்பு. நல்ல சுத்தமான தமிழ்ச்சொல் வைத்திருந்ததற்காக ஒரு மதிப்பெண் போய்விட்டதே என்று ராத்திரி வரை புலம்பினார்.

மறுநாள் பரீல் கடற்கரை. கழிமுகத்தைப் பாலத்தில் கடந்து, ஒரு கிலோமீட்டர் போல பொம்மை ரயிலில் போக வேண்டும். முன்பு மீனவர்களுக்காகப் போட்ட தண்டவாளம். மணல்மேட்டில் நூற்றுக்கணக்கான நங்கூரங்களைத் துருப்பிடிக்க விட்டு வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். நங்கூரக் கல்லறை என்று பெயர். சூரை மீன்கள் முட்டையிட அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் போகும்போதும், கோடையில் திரும்பும்போதும் இந்தக் கரையை ஒட்டித்தான் போகும். கடலடியில் பெரிய வலைக்கோட்டை கட்டி மறித்துப் பிடிப்பார்கள். நீரோட்டம் வலையை அடித்துப் போகாமல் பிடித்து வைக்கத்தான் அத்தனை நங்கூரம். 1960-களில் மீன் வரத்து அற்றுப்போய், தொழிலை மூடிவிட்டார்கள். இப்போது நங்கூரங்களுக்கு நடுவே நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். அவர் ஒவ்வொரு நங்கூரமாகக் குனிந்து பார்த்தார். நடுவில் எங்காவது அலவாங்கு இருக்குமா என்று.

சாப்பாட்டில் ஒரு சண்டை. ஒரு உணவகத்தில் உட்கார்ந்ததுமே ரொட்டி, ஆலிவ், பூண்டு போட்ட கேரட் என்று கேட்காமலே கொண்டு வந்து வைத்தார்கள். உபசாரம் என்று நினைத்துச் சாப்பிட்டேன். பில்லில் 7 யூரோ. கேட்காததற்குக் காசு வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது, மெனு அட்டையின் அடியிலும் அச்சடித்திருந்தது. இவர் அதை விரலால் காட்டினார். பரிமாறியவர் காலித் தட்டை விரலால் காட்டினார். கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த நாளிலிருந்து தட்டை வைத்த உடனே திருப்பி அனுப்பிவிடுவோம், ஆலிவை மட்டும் ஒரு நொடி ஏக்கமாகப் பார்த்துவிட்டு.

ஐந்தாம் நாள், கரையோரம் முழுக்க ஊர்ந்து போகும் ரயிலில், ஃபாரோவில் மாறி லாகோஸ். இங்கே கரையே வேறு. கிழக்கில் மணல் தீவும் உப்பங்கழியும். மேற்கில் மஞ்சளும் காவியுமான செங்குத்துப் பாறை. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் மேலிருந்து கரைக்கிறது, அலை கீழிருந்து அரிக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூரை உடைந்து வானம் தெரியும் குகை. பெனாகில் குகை அப்படித்தான். 2024 முதல் அதற்குள் இறங்கவோ நீந்திப் போகவோ அனுமதி இல்லை. படகில் போய், உள்ளே வட்டமடித்து, அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு வாந்திதான் மிச்சம். பாறை நிழலில் துண்டு விரிக்கப் போன இவரை ஒரு எச்சரிக்கைப் பலகை தடுத்தது. 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா பக்கம் இப்படி ஒரு பாறை சரிந்து ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள். வெயிலிலேயே கிடந்து கருத்தோம். பொந்த்த த பியெதாத் முனையில் ஏறத்தாழ 180 படிகள் இறங்கி, பச்சைத் தண்ணீரைப் பார்த்து, அதே படிகளில் ஏறி, அன்றைய மீதிப் பொழுதை ஒரு வாங்கில் உட்கார்ந்தே கழித்தோம். நாங்கள் பெஞ்சு என்பது அவருக்கு வாங்கு. அவருக்கு ஒரு மதிப்பெண். பூங்காக்காரர் 'பாங்கு' என்று சொன்னதை இரண்டு பேரும் கேட்டோம்.

லாகோஸில் அடிமைச் சந்தை என்று ஒரு சிறிய கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1444 ஆகஸ்டில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்து வந்த 235 பேரை இந்த ஊரில் இறக்கி, ஊருக்கு வெளியே ஒரு வெளியில் நிறுத்தி, ஐந்து பங்காகப் பிரித்தார்கள். தாய் ஒரு பங்கு, பிள்ளை ஒரு பங்கு என்று பிரிந்ததை நேரில் இருந்த வரலாற்றாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். போர்த்துகல் இளவரசர் என்ரிக்கே குதிரை மேல் அமர்ந்து தன் பங்கான 46 பேரை எடுத்துக்கொண்டார். 2009-இல் இங்கே வாகன நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது 150-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன, சிலருடைய கைகள் கட்டிய நிலையில். குப்பை கொட்டும் இடமாக இருந்ததாம் அது.

உள்ளே ஒரு விளக்கக் குறிப்பில் 'லெய்லாவ்' என்ற சொல்லைப் பார்த்தேன். நம்முடைய ஏலம் அதிலிருந்து வந்ததுதான். அவரும் பார்த்தார். நோட்டை எடுக்கவில்லை. இன்றுவரை அந்தச் சொல் அதில் இல்லை.

மறுநாள் பஸ் பிடித்து சாக்ரஸ் போனோம். அதே என்ரிக்கே 1460-இல் இறந்த ஊர். சான் விசென்த் முனைதான் ஐரோப்பிய நிலப்பரப்பின் தென்மேற்கு ஓரம். காற்று ஆளைத் தூக்குகிறது. தொப்பி போனது. தடுப்பு இல்லாத பாறை விளிம்பில் கால் வைத்து, அறுபது எழுபது மீட்டர் கீழே கடலுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டு சாவகாசமாக நிற்கிறார்கள் உள்ளூர் ஆட்கள். வஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1497-இல் லிஸ்பனிலிருந்து கிளம்பித் தெற்கே போனது இந்தக் கடல் வழியாகத்தான். "இவங்கள் வராமல் விட்டிருந்தா, நீரும் நானும் சண்டை பிடிக்க என்ன இருந்திருக்கும்?" என்றார். இட்லிக்கு மிளகாய்ப்பொடி இருந்திருக்காது என்றேன். பசித்திருந்தது.

கடைசி நாள் காலை, லாகோஸிலிருந்து ரயில். கணக்குப் பார்த்தால் அவர் ஒன்பது, நான் ஏழு. அவர் ஜெயித்தும் சந்தோஷமாக இல்லை. முந்தின நாள்கூட, தெருக்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்த ஆட்கள் முன்னால் பதினைந்து நிமிடம் நின்றார், யாராவது ஒருவர் அந்தக் கம்பியைப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டாரா என்று. அவர்கள் பேசாமல் வேலை பார்த்தார்கள்.

போர்த்திமாவ் தாண்டியதும் பெட்டியை நகர்த்தி வைக்க எழுந்தவர், கதவுப் பக்கம் போனவர், திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கதவுக்கு மேலே அவசரத்துக்கு இழுக்கும் ஒரு சிவப்புக் கைப்பிடி, பக்கத்தில் அதை எப்படி இயக்குவது என்று ஒரு குறிப்பு. அதில் ஒரு சொல்லின் கீழே அவர் விரல் இருந்தது. அலவாங்க்கா. நெம்புகோல், கைப்பிடி, கடப்பாரை எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான் போல. "இஞ்ச பாரும்! வந்து பாரும்! எழுதும்!" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எதிரே இருந்த பையன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான்.

எழுதினேன். அவர் ஐந்து படம் எடுத்தார். அப்புறம் அந்தக் கதவுக்கு நேர் எதிரே உள்ள இருக்கைக்கு மாறி உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டு வந்தார். சில்வ்ஸ் ஸ்டேஷன் போனது, ஆரஞ்சுத் தோப்புகள் போயின.

"லாகோஸ் வீட்டுச் சாவியை அந்த வாசல் பெட்டியில போட்டுட்டீங்கல்ல?" என்று கேட்டேன்.

சட்டைப்பையைத் தடவினார். "திறப்பு இஞ்சதான் இருக்கு" என்றார்.