கருங்களியில் சுரபுன்னை மகரந்தம்: அடி அடுக்கு முடிந்தது

ஓரிடத்தில் முன்பு என்ன மரங்கள் நின்றன என்று அறிய, மண்ணில் புதைந்த மகரந்தத்தைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து வருகிறேன். அதில் நெடுநாளாக முரண்டு பிடித்த கருங்களி ஒருவழியாக வழிக்கு வந்திருக்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, இன்று உவர்நீர் எட்டாத ஒரு நெல்வயலில் பண்ணைக்குட்டை வெட்டியபோது சிப்பித் துண்டுகளோடு வெளிப்பட்ட களி இது. பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் அங்கே மண்ணெடுக்க முடியாது. ஆகவே வயல்காரரின் அனுமதியோடு வெட்டுமுகத்தில் கீழிருந்து மேலாக மாதிரிகளை எடுத்துவைத்தேன். அவற்றுள் அடி அடுக்கின் ஸ்லைடில், அலையாத்தி மரங்களில் ஒன்றான சுரபுன்னையின் மகரந்தம் தாராளமாகத் தெரிகிறது.

காஸ்டிக் சோடா, ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகிய கட்டங்களில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மணலையும் களியையும் கரைக்கும், ஆனால் மிகவும் ஆபத்தான ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை வீட்டில் தொடுவதில்லை என்று முடிவெடுத்தவர்களுக்கு உண்மையான சோதனை சல்லடையில்தான் இருக்கிறது. சுரபுன்னையின் மகரந்தம் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர்தான் இருக்கும் என்பதால், 20 மைக்ரான் நைலான் துணியில் களி அழகாக வடிந்துவிடும், நாம் தேடுவதும் அதோடு போய்விடும். 10 மைக்ரான் துணியிலோ களி பசைபோல் அப்பிக்கொண்டு ஒரு சொட்டு நீரைக்கூட இறங்க விடாது. களித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட் கரைசலில் ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் மிக நீர்க்கக் கலக்கிச் சிறிது சிறிதாக ஊற்றி, துணியின் அடிப்பக்கத்தை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் மட்டுமே கலங்கல் நின்று தெளிந்த நீர் இறங்குகிறது. 10 மைக்ரான் என்று சொல்லி ஒரு வியாபாரி அனுப்பிய துணியை அளவுகோல் ஸ்லைடு வைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, சில கண்கள் 15 மைக்ரானைத் தாண்டியிருந்தன. வாங்குகிறவர்கள் அளந்து பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம்.

அதன் பிறகும் வண்டல் மணல் மிஞ்சும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மகரந்தத்தினுடையது ஏறத்தாழ 1.5 என்பதால், குழிவான கண்ணாடித் தட்டில் நீரோடு சுழற்றி, அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பதுபோல மேலே எழும்புவதை மட்டும் சாய்த்து எடுத்தேன். கை பழகுவதற்குப் பொறுமை வேண்டும் என்றாலும், இந்த அளவுக்குத் தெளிவான ஸ்லைடு இதுவரை எனக்கு அமைந்ததில்லை என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

மாதிரி தூய்மையானதா என்று அறிய நான் நம்புவது சவுக்கை. நம் கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகப் பரப்பப்பட்ட மரம் அது. காற்றில் ஏராளமாகப் பரவும் அதன் மூன்று துளைகள் கொண்ட மகரந்தம் ஆழத்துக் களியில் இருக்கவே கூடாது. ஒன்று தென்பட்டாலும் அந்த ஸ்லைடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த முறை ஒன்றுகூட இல்லை.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்துக்குச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை அன்று தரை. பிறகு கடல் விரைந்து ஏறிய காலத்தில் அலையாத்திகளால் ஓரிடத்தில் நிலைத்து மண்ணைச் சேர்க்க இயலவில்லை. உலகின் 78 இடங்களின் படிவுகளை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வின்படி, கடலேற்றம் ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அவை ஈடுகொடுப்பது அரிது. ஏற்றம் தணிந்த 8,600 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில்தான் அவை பரவலாக வேரூன்றின. வட ஆஸ்திரேலியாவின் தெற்கு அலிகேட்டர் ஆற்றுச் சமவெளி முழுவதையும் அலையாத்திக் காடு மூடியிருந்த ‘பெரும் சதுப்பு’க் கட்டமும் அதை ஒட்டி வந்ததே, கடல்மட்டம் நிலைத்து, ஆறு வண்டலை நிரப்பியதும் அந்தக் காடு நன்னீர்ச் சதுப்புக்கும் புல்வெளிக்கும் இடம் விட்டது.

என் களியின் வயது எனக்குத் தெரியாது. கரிமக் கணிப்புக்குக் கொடுக்கும் வசதியும் இல்லை. ஆயினும் நடு அடுக்கின் முதல் ஸ்லைடில் சுரபுன்னை குறைந்து, மற்றோர் அலையாத்தி மரமான வெண்கண்டலும், பந்துபோல் எங்கும் துளையிட்ட, உவர்நிலச் செடியான உமரி வகை மகரந்தமும் கூடியிருப்பது அதே திசையைத்தான் காட்டுகிறது. சுரபுன்னை காற்றை நம்பி மகரந்தத்தை அள்ளி வீசும் மரம். வெண்கண்டலோ பூச்சிகளை நம்புவதால் சிக்கனமானது. ஆகவே எண்ணிக்கையை அப்படியே மரங்களின் விகிதமாகக் கொள்ளக் கூடாது; வெண்கண்டல் நாலைந்து கிடைத்தாலே மரம் அருகில் நின்றதாகக் கருதலாம். கடல் பின்வாங்கியதா, ஆறு மண் கொட்டிக் கரையைக் கிழக்கே தள்ளியதா என்பதை மகரந்தத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலாது. கொள்ளிடம் இவ்வளவு அருகில் இருக்கையில் இரண்டாவதையே நான் அதிகம் நம்புகிறேன்.

தில்லை என்ற அலையாத்தி மரத்தின் மகரந்தத்தை உறுதிசெய்யத்தான் இன்னும் தடுமாறுகிறேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மகரந்தவியலாளர் தணிகைமணி வளர்த்தெடுத்த மகரந்த ஸ்லைடுத் தொகுப்பைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதலாம் என்றிருக்கிறேன். அதற்குள் தில்லை பூக்கும் பருவம் வந்துவிட்டால், அரும்புகளிலிருந்து ஓர் ஒப்பீட்டு ஸ்லைடை நானே செய்துவிடுவேன். அடர்த்தி மிகுந்த துத்தநாகக் குளோரைடுக் கரைசலில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறையையும், களியில் கண்ணாடிச் சில்லுகள்போல் மின்னிய டயாட்டம்களையும் (சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச் செல் பாசிகள்) அடுத்துப் பார்க்க வேண்டும். நன்னீர்ச் சதுப்புத் தாவரங்களான சம்பும் கோரையும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கும் மேல் அடுக்குகள் இன்னும் குளிர்பெட்டியில் அப்படியே இருக்கின்றன.